முதுகுக்கு ஒரு வசனம்

1

என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. அதை எழுத வராமல்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மறுபடி எடுக்கிறார்கள். நான் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவள். படம் முழுவதற்கும் புது வசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன், கடைசிக் காட்சியின் கடைசி வரி நீங்கலாக. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இப்படி: ________. டைரக்டர் தம்பி (வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் டைரக்டர், அதனால் மரியாதையையும் உரிமையையும் சேர்த்தே கூப்பிடுகிறேன்) தினமும் போன் செய்து, "அக்கா, கோடு இன்னும் கோடாத்தான் இருக்கா?" என்கிறார்.

கோடாகத்தான் இருக்கிறது.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டைக்கு நிற்பீர்கள். கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு தையல்காரி. புருஷன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விடுகிறான். அவள் தைத்தே பிழைக்கிறாள். மாடியில் ஒரு அறை, ஒரு மெஷின், ஒரு ஜன்னல் என்று மெல்ல நிமிர்கிறாள். பல வருஷம் கழித்து, கொட்டுகிற மழையில், அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். கேமரா அறைக்குள்ளே, அவளுக்குப் பின்னால் இருக்கிறது. நமக்குத் தெரிவது அவளுடைய முதுகு. முதுகுக்கு அப்பால், சொட்டச் சொட்ட நனைந்த அவன் முகம். அவள் சொல்கிறாள்: "நனையாதீங்க. உள்ள வாங்க." அவன் உடைந்து அழுகிறான். படம் முடிகிறது.

அந்த ஒரு வரி ஒரு தலைமுறையையே அழவைத்தது. குடை விற்கிறவர்கள் அதை விளம்பரத்தில் போட்டார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண்களிடம், "அந்தப் படத்துல அவ எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கிட்டா பாத்தியா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒருத்தியையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

2

முதலில் இந்தக் கதையை வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்.

"அன்று மழை பெய்துகொண்டிருந்தது." இதை அடித்துவிட்டேன். படத்தில் பெய்த மழை போதும்.

"பழைய நல்ல படங்களை மறுபடி எடுக்கலாமா, கூடாதா என்ற கேள்வி காலங்காலமாக" என்று எழுதிப் பாதியில் விட்டேன். பட்டிமன்ற மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி எனக்கே தோன்றியது.

"என் பெரியம்மாவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கண்ணாடியில் தெரிவது. இன்னொன்று" என்று தொடங்கியதுதான் சரியான தொடக்கம். ஆனால் இதை எழுதியவுடன் எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றுகொண்டேன். சரியான தொடக்கம் என்றால் அடுத்ததாக உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் கருத்துச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தில் கை வைக்கக் கூடாது என்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில். அவர்கள் தலைக்குள் ஓடுகிற படம் வேறு. என் மாமா ஒருவர், தையல்காரி கடைசிக் காட்சியில் தைத்துக்கொண்டிருந்த துணி நீல நிறம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். படமோ கறுப்பு வெள்ளை. ஆக, மாமா யாரையும் கேட்காமல் எப்போதோ அதை மறுபடி எடுத்து, கலரும் போட்டுவிட்டார். இப்போது டைரக்டர் தம்பி எடுத்தால் மட்டும் கோபம் வருகிறது.

எடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்களும் எனக்குப் பிடிபடுவதில்லை. "இன்றைய தலைமுறைக்காக" என்கிறார்கள். இன்றைய தலைமுறை எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அது எதையும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்து நான் கண்டதில்லை.

(என் சொந்தக் கருத்து என்ன என்று கேட்கிறீர்கள். இந்த வேலையை ஒப்புக்கொண்ட நாளில் "எடுக்கலாம்" என்றிருந்தது. இப்போது எனக்குக் கருத்து இல்லை, பயம்தான் இருக்கிறது.)

3

சரி. பெரியம்மா.

அம்மாவுக்கு அக்கா. அந்தப் படத்தின் நாயகிக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு படத்துக்கு மட்டுமில்லை, அதே நாயகி நடித்த எல்லாப் படங்களுக்கும். நாயகியின் சொந்தக் குரல் கனமானது, மைக்குக்கு ஆகாது என்று முதல் படத்திலேயே ஒதுக்கிவிட்டார்களாம். முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. இரண்டும் சேர்ந்து ஒரே பெண்ணாகத் திரையில் அழுதது, சிரித்தது, கல்யாணம் செய்துகொண்டது, செத்தும் போனது. ஆனால் இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஒருவர் வேலை முடிந்த பிறகுதான் மற்றவர் வேலை தொடங்கும்.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முடி நரைத்துவிட்டது, முழங்கால் வலிக்கிறது, ஆனால் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. வீட்டுக்கு ஏதாவது விற்க போன் செய்கிறவர்கள், "பாப்பா, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்பார்கள். பெரியம்மா, "இல்லீங்க அங்கிள், எல்லாரும் வெளிய போயிருக்காங்க" என்று வைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டால் அடுத்த அறையில் ஒரு சின்னப் பெண் நடமாடுகிற மாதிரி இருக்கும். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கு வேலை வெளியூருக்கு மாறியபோது என்னைப் பெரியம்மாவிடம் விட்டுப் போனார். தூக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டு, எனக்கு ஓர் அக்கா இருப்பதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு குறிப்பு, தொழில் தெரியாதவர்களுக்கு: டப்பிங்கில் வாயசைவுக்குத் தகுந்தபடி பேச வேண்டும். ஆனால் நடிகர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றால் வாய் தெரியாது. அங்கே என்ன வேண்டுமானாலும் பேசலாம். படம் எடுத்து முடித்த பிறகு கதையில் எங்காவது ஓட்டை விழுந்தால், எங்கே முதுகு இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள். பெரியம்மாவின் பாஷையில் சொன்னால், "முதுகு கிடைச்சா கடவுள் கிடைச்ச மாதிரி."

4

படத்தின் உரிமை நாயகியிடம் இருக்கிறது. தயாரிப்பாளராக இருந்த கணவர் காலமான பிறகு அவர் பெயருக்கு வந்தது. கையெழுத்து வாங்க டைரக்டர் தம்பியும் நானும் போனோம். மூன்றாவது மாடியில் வீடு. திரைச்சீலைகள் பாதி மூடியிருந்தன. கட்டையாக வெட்டிய வெள்ளை முடியோடு, நிமிர்ந்த நடையோடு வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த முகத்திலிருந்து என் பெரியம்மாவின் குரல் வரும் என்றே என் காது காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வந்தது கரகரத்த, தாழ்ந்த, வேறு யாருடையதோ போன்ற குரல்.

"எடுங்க, தாராளமா எடுங்க. இத்தனை வருஷமா யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னுதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

டைரக்டர் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"ஆனா கடைசி வசனத்தை மாத்தணும். நான் அன்னிக்கு செட்ல என்ன சொன்னேனோ, அதை வைக்கணும்."

"நீங்க சொன்னது..." என்று இழுத்தார் தம்பி.

"நான் 'உள்ள வாங்க'ன்னு சொல்லவே இல்லப்பா. நான் சொன்னது வேற. முதல் நாள் முதல் ஷோ, தியேட்டர்ல உக்காந்து பாக்கறேன், என் முதுகு அவனை உள்ள கூப்பிடுது! படத்தை வாங்க வந்தவங்க அழுது அடம் பிடிச்சாங்களாம், புருஷனைத் துரத்தினா படம் ஓடாதுன்னு. செட்டைப் பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க முடியாது. முதுகுதானேன்னு வசனத்தை மட்டும் மாத்திட்டாங்க. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"நீங்க என்ன சொன்னீங்கம்மா?" என்று கேட்டேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கடைத்தெருவுக்குப் போனா பொம்பளைங்க என் கையைப் பிடிச்சுக்கிறாங்க. 'அம்மா, உங்களைப் பாத்துதான் நான் பொறுத்துக்கிட்டேன்'ங்கிறாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். நான் பொறுத்துக்கவே இல்லையேன்னு கத்தணும் போல இருக்கும். எந்தக் குரல்ல கத்தறது? இந்தக் குரல் யாருக்குத் தெரியும்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ன சொன்னேன்னு அந்தக் குரல்கிட்டதான் சொல்வேன். உங்க பெரியம்மாவாமே. கூட்டிட்டு வாங்க."

5

இங்கே ஒரு பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் என் பெரியப்பா.

அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் இது வசனம் யாருடையது என்ற வழக்காக முடிந்துவிடும். இரண்டு பக்கமும் நியாயம், கைகுலுக்கல், சுபம். அவர் இருந்தால் கதை எனக்கு வலிக்கிறது. அதனால் இருக்கட்டும்.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான சில வருஷத்தில் பெரியம்மாவை விட்டுவிட்டு வேறொருத்தியோடு வேறு ஊரில் குடித்தனம் வைத்துவிட்டார். அந்த நாட்களில்தான் அந்தப் படத்துக்கு டப்பிங். பெரியம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். நாயகி கூப்பிடுகிறார் என்று சொல்லப் போன அன்று, சமையலறையில் நின்றபடி சொன்னார்.

"அந்த இடத்துல வசனமே இல்லைன்னுதான்டி எனக்குச் சொன்னாங்க. செட்ல எடுத்த சத்தத்தைப் போட்டா, மழைக்கு வச்ச மோட்டாரு காதைக் கிழிக்குது. ஒண்ணும் கேக்கலை. டைரக்டர் வந்து, 'முதுகுதாம்மா, அவனைக் கூப்பிடற மாதிரி நீயே ஏதாவது சொல்லு'ன்னாரு. நான் திரையைப் பாத்தேன். அந்த ஆளு நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். எனக்கு உங்க பெரியப்பா நிக்கற மாதிரியே இருந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படம் ஓடுச்சு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு நாள் கதவைத் தட்டற சத்தம். திறந்தா அவரு. கையில பெட்டி. நான் எத்தனையோ யோசிச்சு வச்சிருந்தேன்டி, வந்தா இதைக் கேக்கணும், அதைக் கேக்கணும்னு. ஒண்ணும் வரலை. 'நனையாதீங்க, உள்ள வாங்க'ன்னு வந்துச்சு."

"மழையா?"

"வெயிலு! மண்டையைப் பொளக்கற வெயிலு. அவரு அண்ணாந்து வானத்தைப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அப்புறம் உள்ள வந்துட்டாரு."

(இது நான் கட்டிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிவிடுவதாக இருந்தால் மழையே பெய்ய வைத்திருப்பேன்.)

"அவர் படம் பாத்துட்டுதான் வந்தாரா பெரியம்மா?"

"கேக்கலை. பாத்தேன்னா ஒரு மாதிரி இருக்கும், பாக்கலைன்னா இன்னொரு மாதிரி இருக்கும். எதுக்கு வம்பு?"

கேட்காமலேயே அவர் கண்ணை மூடும் வரை அவரோடு வாழ்ந்தார். பெரியப்பா பிறகு எங்கும் போகவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் திரும்பி வந்த பிறகு. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். விடுமுறை நாட்களில் என்னை வேலைக்குக் கூட்டிப் போவார். பெரிய பெரிய கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்வார். ஓட ஆரம்பித்ததும் முதல் சவாரி எனக்குத்தான். யாருமே இல்லாத மாடிகளில் கதவு திறக்கும், மூடும். ஒவ்வொரு மாடியிலும் ஒரு நீண்ட வராந்தா, வெளிச்சம், பூட்டிய அறைகள். "எந்த மாடில எறங்கணும் மகாராணிக்கு?" என்பார். எதிலும் இறங்க மாட்டேன். அவரோடு மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் எனக்கு நல்லவர். பெரியம்மாவுக்குச் செய்தது எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆள்தான். இதை எந்த வாக்கியத்தில் வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, அதனால்

[இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.]

6

கனவுகளைக் கதையில் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனாலும் அந்த வாரம் வந்த கனவை எழுதுகிறேன்.

ஒரு தியேட்டர். எல்லா இருக்கையிலும் ஆட்கள். எனக்குத் தெரிவது முதுகுகள்தான். திரையிலும் ஒரு முதுகு. நான் கடைசி வரிசையில் நின்று யாரையோ தேடுகிறேன். தேடுகிற ஆள் முதுகிலேயே அடையாளம் தெரிந்துவிடும் என்று நம்புகிறேன். திரையில் இருப்பவள் பேசவில்லை. பேசட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறோம். மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது, வெகு தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதைப் போல. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. யாருக்கும் அவசரமில்லை. விழித்தபோது பக்கத்து வீட்டில் குழாய் திறந்து கிடந்தது.

7

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல பிற்பகல் நேரம். நாயகி கதவைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுத்தாளர் என்ற முறையில் அந்த இடத்தில் ஏதாவது பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்க" என்றார் நாயகி.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார் பெரியம்மா.

நாயகியின் கண்கள் விரிந்தன. கை தன்னையறியாமல் தொண்டைக்குப் போனது. "ஐயோ, இன்னும் அப்படியே இருக்கே!" என்றார். பிறகு சமாளித்துக்கொண்டு, "மேடம்னு கூப்பிடாதீங்க, யாரைக் கூப்பிடறீங்கன்னு நானே திரும்பிப் பாக்கறேன்" என்றார். பெரியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு பல படங்களில் நாயகி சிரித்த சிரிப்பு. நாயகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீ வந்தது. முன்பே வந்திருந்த டைரக்டர் தம்பி டிவியில் கடைசிக் காட்சியைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்தார். மழை சத்தமில்லாமல் பெய்தது. முதுகு நின்றது. முதுகுக்கு அப்பால் அவன் நனைந்தான்.

"இங்க நான் சொன்னது என்னன்னா," என்றார் நாயகி. திரையைப் பார்த்தபடி, தன் கரகரத்த குரலில் சொன்னார்: "யாரு வேணும் உங்களுக்கு?"

கட்டின புருஷனைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்ட ஆளிடம் கேட்பதைப் போல. திட்டியிருந்தால்கூட உறவு இருந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

தம்பி காட்சியை மறுபடி ஓட்டினார். நாயகி மறுபடி சொன்னார். அந்த இளம் முதுகின் மேல் அந்த வயதான குரல் உட்காரவில்லை. அவருக்கே தெரிந்தது. "ஒட்டலை இல்ல?" என்றார். அத்தனை வருஷம் காத்திருந்தவர் முகம் சட்டென்று வாடிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

பெரியம்மா டீ கப்பைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்று எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பேச வராது. திரைக்கு அருகே போனார். "தோளைப் பாருங்க, லேசா ஏறுது. அங்கதான் மூச்சு எடுத்திருக்காங்க. நான் அன்னிக்குக் கொஞ்சம் பிந்திப் பேசியிருக்கேன். யாருமே கண்டுபிடிக்கலை."

காட்சி ஓடியது. தோள் ஏறியது. பெரியம்மா சொன்னார்: "யாரு வேணும் உங்களுக்கு?"

இருபது வயதுக் குரல். முதுகும் குரலும் ஒன்றாகிவிட்டன. திரையில் அவன் முகம் உடைந்தது. நன்றிக் கண்ணீர் என்று நாம் இத்தனை காலம் நம்பிய அழுகை, அவமானத்தில் அழுகிற அழுகையாக இருந்தது. அதை நடித்தவர் அதற்காகத்தான் நடித்திருக்கிறார்.

"இதான்," என்றார் நாயகி. "இதேதான்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். தம்பி, "ஐயோ, ரெக்கார்ட் பண்ணலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியம்மா மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அழுகையில் படம் உறைந்து நின்றது. வாயில் எதையோ ருசி பார்க்கிறவரைப் போல உதட்டை ஒருமுறை அசைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"இதுவும் வாய்க்கு நல்லாத்தான் வருது."



நானும் பெரியம்மாவும் காரில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது கேட்டுவிட்டேன். "பெரியம்மா, பெரியப்பாவோட நீங்க சந்தோஷமா இல்லையா?"

"இருந்தேன்டி. யாரு இல்லைன்னா?" ஜன்னல் கண்ணாடியில் விரலால் எதையோ துடைத்தார். "ஆனா நான் முடிவு பண்ணலையே. வாய் பழகிப் போயிருந்துச்சு, வந்துருச்சு. அன்னிக்கு டப்பிங்ல இந்த வசனத்தைப் பேசியிருந்தா, வாசல்லயும் இதைத்தான் சொல்லியிருப்பேன் போல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

8

இப்போது பயம் எதற்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்று வாசலில் பெரியம்மா வேறு வசனம் சொல்லியிருந்தால் பெரியப்பா பெட்டியோடு திரும்பிப் போயிருப்பார். அந்த வீடு இல்லை. ஆளில்லாத மாடிகளில் கதவு திறந்து மூடியது இல்லை. நான் வேறு எங்கோ, வேறு யாராகவோ வளர்ந்திருப்பேன். என் குழந்தைப் பருவமே ஒரு டப்பிங் கோளாறாக இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய படத்தை மறுபடி எடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இப்போது ஆசையாக இருக்கிறது. விட்டுவிடுங்கள், கிடக்கட்டும், கிளறாதீர்கள் என்று. ஆனால் பெரியம்மா அழாமல் சொன்ன அந்த "முடிவு பண்ணலையே" காதிலேயே இருக்கிறது.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நாயகி போன் செய்து, "உங்க பெரியம்மா சொன்னதே இருக்கட்டும், கூப்பிட்டதும் அழகுதான்" என்கிறார். அதே நேரம் பெரியம்மா என்னிடம், "அவங்க சொன்னதையே வை" என்கிறார். இருவரும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். நன்றாகப் பொருந்துகிறது. தீப்பெட்டி மாதிரி கச்சிதமாக மூடிக்கொள்கிறது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: படம் நின்றுபோகிறது. இது நான் வேண்டிக்கொண்டது. நடக்கவில்லை.

மூன்றாவது: பெரியப்பா படத்தைப் பார்த்தாரா இல்லையா என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. யாரோ ஒரு பழைய நண்பர், ஒரு மேஜை டிராயர், ஒரு சினிமா டிக்கெட். எழுதும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. ஆகவே உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

9

நடந்தது இது. நாயகி கையெழுத்துப் போட்டார். ஆனால் நிபந்தனையை மாற்றிவிட்டார். "என் வசனமும் வேண்டாம், அந்தப் பழைய வசனமும் வேண்டாம். அந்த இடத்துல முதுகுதான் இருக்கணும், உங்க பெரியம்மாதான் பேசணும். என்ன பேசணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. என்னைத்தான் யாரும் கேக்கலை. அவங்களையாவது கேக்கட்டும்."

டைரக்டர் தம்பி ஒப்புக்கொண்டார். ஆனாலும் டைரக்டர் இல்லையா? "பெரியம்மா தடுமாறிட்டா கையில ஒண்ணு இருக்கட்டுமே அக்கா" என்று என்னிடம் ஒரு வரி கேட்டார். அதுதான் அந்தக் கோடு. புதுப் பெண்ணை வைத்து, புது மழையில், கலரில் காட்சியை எடுத்து முடித்தார்கள். இந்தக் கதையை நான் தொடங்கியபோது டப்பிங்குக்கு நாள் குறிக்கவில்லை. பிறகு குறித்தார்கள், இன்று வந்தும் சேர்ந்துவிட்டோம்.

டப்பிங் தியேட்டருக்குள் பகலா இரவா என்று தெரியாது. சுவரெல்லாம் துணி. பேசினால் குரல் நம் காலடியிலேயே விழுந்துவிடும். பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். ஹெட்போனை மாட்டினார். எதிரே பெரிய திரையில் ஒரு முதுகு, மழை, வாசலில் ஒரு புது ஆள். ஸ்டாண்டில் என் காகிதம் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"என்னடி இது, வெறும் கோடு போட்டு வச்சிருக்கே?"

"அது உங்களுக்குத்தான் பெரியம்மா. உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பாரே, அதே மாதிரி, வேலைக்காரியின் பணிவோடு கேட்டார்:

"உனக்கு எது வேணும்?"

எனக்கு எது வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனியில் இருக்கிறது. சொன்னால் அதையே, நான் கேட்பதைவிட அழகாக, அச்சு அசலாகச் சொல்லிவிடுவார். அவருடைய தொழில் அது. சொல்லாமல் பக்கத்திலேயே நின்றாலும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். சின்ன வயதில் எனக்குப் பசிக்கிறதா என்று அவர் கேட்டதே இல்லை.

அதனால் நான் பதில் சொல்லவில்லை. உங்களை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்து அவர் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவர் எதைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஓர் ஆசை இருந்தால், தயவுசெய்து அதை முகத்தில் காட்டாதீர்கள். அவருக்கு அவசரமில்லை. திரையில் இருப்பவளுக்கும் அவசரமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மழை பெய்யும்.

என்ன சொன்னார் என்று வெளியே வந்து என்னிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இந்தத் தியேட்டர் கதவு கனமானது. சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. சாத்திவிட்டேன்.